பிளவின் விலையைக் கொடுப்போர் யார்?

மலையகத் தமிழ்க் கட்சிகளுக்குள் பூசல் என்னும் செய்தி நமது வாசகர்களுக்குப் புதியதன்று. தொழிற்சங்கம் தோன்றிய நாள்தொட்டு அச்செய்தியை அவர்கள் கேட்டு வருகின்றனர். எவர் எவரைவிட்டுப் பிரிந்தார், எவர் எவருடன் சேர்ந்தார், எந்தச் சின்னம் எவர் கைக்குப் போயிற்று என்பனவெல்லாம் நாள்தோறும் பேசப்படுகின்றன. ஆனால், அப்பூசலினால் நட்டமடைவோர் யார் என்னும் கேள்வியை நேர்நின்று கேட்போர் அரியர். அதனை இவ்வாரம் நாம் கேட்க விரும்புகின்றோம்.

விடையையும் முதலிலேயே கூறிவிடுகின்றோம். பூசலிடும் தலைவர்கள் நட்டமடைவதில்லை. தமிழர் நெருங்கி வாழும் நுவரெலியா மாவட்டத்து மக்களும் பெரிதாக நட்டமடைவதில்லை. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே, சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழும் சபரகமுவத் தமிழ் மக்களே அந்நட்டம் முழுவதையும் சுமக்கின்றனர்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று, கணக்கு. நுவரெலியா மாவட்டத்தின் மக்கள்தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். அங்கு அவர்களின் வாக்கு இரண்டாகப் பிரிந்தாலும், மூன்றாகப் பிரிந்தாலும், ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஆசனமேனும் கிடைத்துவிடுகின்றது. ஆகவே, பிரிந்த தலைவர் ஒவ்வொருவரும் பாராளுமன்றஞ் சென்று, தமது பிரிவே உண்மையான பிரிவு என்று முழங்க முடிகின்றது. இரத்தினபுரியிலோ, 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, எல்லாத் தமிழரையுஞ் சேர்த்தாலும் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவினரே. கேகாலையில் அதனினுங் குறைவு. பாராளுமன்றத் தேர்தலில் ஒரு மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்து வாக்கேனும் பெறாத கட்சி ஆசனக் கணக்கிலேயே சேர்க்கப்படுவதில்லை என்பது சட்டம். பத்தை இரண்டாக வகுத்தால் ஐந்து. அந்த ஐந்திலும் சிலர் வாக்குச்சாவடிக்குச் செல்லார். சிலர் பெருங்கட்சிகளுக்கு வாக்களிப்பர். சிலருடைய பெயர் இடாப்பிலேயே இராது. எஞ்சுவது என்ன? அற்றனிலே இரு தலைவர்கள் கைகுலுக்க மறுத்தால், இறக்குவானையில் ஒரு சமூகம் வாயில்லாததாகின்றது.

பிரியாதிருந்த ஒரு காலம்

இந்த மக்கள் அரசியலறியாதவர்கள் என்று எவரும் எண்ணவேண்டாம். 1946ஆம் ஆண்டு, கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர்த் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கென எடுத்துக்கொண்டு, அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறுமாறு பணித்தது. தாம் கொத்திய மண்ணை விட்டுப் போக அவர்கள் மறுத்தனர். இலங்கை இந்தியர் காங்கிரஸ் அவர்கள் பக்கம் நின்றது. அயல் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தஞ் செய்தனர். தம் லயத்துக்கு வராத ஆபத்துக்காகத் தம் நாட்கூலியை இழந்த மக்கள் அவர்கள். மலையகத்தின் நிலவுரிமைப் போராட்ட வரலாற்றில் அந்நிகழ்ச்சி சபரகமுவ மண்ணில் எழுதப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1947இல், முதலாவது பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. மலையகத் தமிழரின் பிரதிநிதிகள் பலர் தெரிவாயினர். சௌ. தொண்டமான், சி.வி. வேலுப்பிள்ளை, கே. இராஜலிங்கம் முதலியோர் அவருள் அடங்குவர். வேறு பல தொகுதிகளில், தோட்டத் தமிழரின் வாக்கு இடதுசாரி வேட்பாளர்களின் வெற்றிக்குத் துணைநின்றது. அந்த வாக்கின் வலிமையைத் தமிழர் கண்டு மகிழுமுன் ஆட்சியாளர் கண்டு அஞ்சினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமும், வாக்குரிமையைக் குடியுரிமையோடு பிணைத்த தேர்தல் திருத்தச் சட்டமும் தொடர்ந்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இம்மக்களின் பிரதிநிதி ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. ஐந்தே ஆண்டுகளில் ஒரு சமூகத்தின் குரல் சட்டசபையிலிருந்து துடைத்தெடுக்கப்பட்டது.

அந்த நெருக்கடியான வேளையிலே தமிழ்ப் பிரதிநிதிகள் என்ன செய்தனர்? அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948இல் அமைச்சரானார். இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்போது அவர் அரசாங்கத்துடன் நின்றார், சா.ஜே.வே. செல்வநாயகம் எதிர்த்து நின்றார். 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. எவர் செய்தது சரி என்னும் வழக்கு இன்றுந் தீரவில்லை. அதனை இங்கு நாம் தீர்க்கப் போவதுமில்லை. அமைச்சரவையில் இருந்துகொண்டே நன்மை செய்யலாம் என்று ஒருவர் நம்பினார். கொள்கையை விட்டுக் கிடைக்கும் நன்மை நன்மையன்று என்று மற்றவர் நம்பினார். இரண்டும் மனிதர் நேர்மையாகக் கொள்ளக்கூடிய கருத்துக்களே. ஆயினும், அந்த வாதம் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நடந்துகொண்டிருக்க, வாக்கை இழந்தவர்கள் பலாங்கொடையிலும் எட்டியாந்தோட்டையிலும் இருந்தார்கள்.

சங்கமும் பிளந்தது

வாக்கு போன பின்னர் எஞ்சியிருந்த ஒரே வலிமை தொழிற்சங்கம். இலங்கை இந்தியர் காங்கிரஸ் 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் மாறிற்று. அவ்வியக்கத்தின் இரு பெருந்தலைவர்களான தொண்டமானும் அப்துல் அசீசும் 1950களின் நடுப்பகுதியில் பிரிந்தனர். ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் தோன்றியது. பிரட்டுக்களத்தில் ஒரே வரிசையில் நின்ற தொழிலாளர் இரு சங்கங்களுக்குச் சந்தா கட்டலாயினர். ஒரே லயத்தில் ஒரு காம்பராவில் ஒரு கொடியும், அடுத்த காம்பராவில் வேறொரு கொடியும் பறந்தன. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே தோட்டத்துரைமாருக்குக் கொண்டாட்டம்.

தென்னிலங்கைப் பெருங்கட்சிகளும் இப்பிளவை நன்கு பயன்படுத்திக்கொண்டன. 1965ஆம் ஆண்டு அமைந்த ஐக்கிய தேசியக் கட்சி அரசில் தொண்டமான் நியமன உறுப்பினரானார். 1970ஆம் ஆண்டு அமைந்த ஐக்கிய முன்னணி அரசில் அசீஸ் நியமன உறுப்பினரானார். அரசாங்கம் மாற, மலையகத்தின் குரலாகக் கொள்ளப்படுபவரும் மாறினார். நியமித்தவர் மக்களல்லர், பிரதமர். இவற்றுக்கு முன்னரே, 1964 ஒக்டோபர் 30ஆம் நாள், சிறிமா சாஸ்திரி ஒப்பந்தங் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மனிதர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்று இரு அரசாங்கங்கள் எழுதிக்கொண்டன. தேயிலைப் பெட்டிகளைப் பங்கிடுவதற்குங்கூட இதைவிடக் கூடுதலான ஆலோசனை நடந்திருக்கும். கையொப்பமிட்டவர்களுள் அம்மக்களின் பிரதிநிதி எவருமிலர்.

அதன் பின்னர் வந்தவை நமது வாசகர்களுள் பலர் தம் கண்ணாற் கண்டவை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. நிலம் பங்கிடப்பட்ட இடங்களில், அதில் உழைத்தவருக்குப் பெரும்பாலும் பங்கில்லை. பஞ்சம் வந்தது, பட்டினிச் சாவுகள் வந்தன. 1977 ஓகஸ்டிலும் 1981 ஓகஸ்டிலும் வன்செயல் வந்தது. 1981இல் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் எரிந்தன. மூட்டை முடிச்சுகளோடு வடக்கே வந்து, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்கள் பல. இன்று அப்பகுதிகளில் இவ்விதழை வாசிக்கும் உழவர்களுள், தம் தந்தை இறப்பர் மரம் சீவியவர் என்று கூறக்கூடியோர் இருக்கின்றனர். சபரகமுவ அவர்களுக்கு அயல் மாகாணமன்று, விட்டுவந்த வீடு.

ஒன்றுசேர்ந்தபோது நிகழ்ந்தது

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் என்னும் இழிபெயரைப் படிப்படியாக நீக்கின. வாக்கு மீண்டது. 1988இல் மாகாண சபைகளும் வந்தன. சபரகமுவ மாகாண சபை 44 ஆசனங்கள் கொண்டது. பாடசாலை, மருந்தகம், உள்ளூர்ப் பாதை, கமத்தொழில் ஆகியவை அச்சபையோடு தொடர்புடையவை. தெரணியகலைத் தோட்டப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் வருவாரா என்பது கொழும்பிலே மட்டுந் தீர்மானிக்கப்படுவதன்று. மாகாணக் கல்வி அமைச்சிலுந் தீர்மானிக்கப்படுகின்றது. ஆகவே, அச்சபையில் ஒரு தமிழர் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றல்ல.

2012 செப்டெம்பர் 8ஆம் நாள் அச்சபைக்குத் தேர்தல் நடைபெற்றது. அத்தேர்தலில் ஒரு புதுமை நிகழ்ந்தது. அக்காலத்து அரசாங்கத்தின் பங்காளியாக இருந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும், எதிரணியில் நின்ற மனோ கணேசனின் ஜனநாயக மக்கள் முன்னணி முதலிய அமைப்புக்களும், சபரகமுவ அளவில் தம் பகையை ஒதுக்கிவைத்து, சேவற் சின்னத்தின்கீழ் ஒரே பட்டியலில் நின்றன. கொழும்பில் அவர்கள் எதிரிகள். இரத்தினபுரியில் அவர்கள் கூட்டாளிகள். இது கொள்கையற்ற செயல் என்று சிலர் நகைத்தனர். முடிவு என்ன? ஆளுங்கட்சிக்கு 28, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 14, சேவலுக்கு 2 என ஆசனங்கள் பகிரப்பட்டன. இரத்தினபுரியில் ஒருவர், கேகாலையில் ஒருவர். 44இல் இரண்டு சிறிது என்போர், சுழியத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் அந்த உடன்பாடு வேரூன்றவில்லை. 2015இல் தமிழ் முற்போக்குக் கூட்டணி ஒரு பக்கமும், தொழிலாளர் காங்கிரஸ் மறுபக்கமுமாக நின்றன. அவ்வாண்டுப் பொதுத் தேர்தலிலும், 2020ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலும், சபரகமுவவின் இரு மாவட்டங்களிலிருந்தும் மலையகத் தமிழர் எவரும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை. 2024ஆம் ஆண்டு, தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து ஒரு தமிழர் தெரிவானார். அதனை நாம் வரவேற்கின்றோம். பெருங்கட்சியின் பட்டியலினூடாகவும் விருப்பு வாக்கினால் வழி திறக்கலாம் என்பதற்கு அது சான்று. எனினும், ஒரு நாடளாவிய அலை எழும்போது கிடைப்பதை, அலை ஓய்ந்த பின்னும் கிடைக்குமென்று எண்ணி உறங்குவது அறிவுடைமையன்று. தனிப் பட்டியலாயினும், பெருங்கட்சிப் பட்டியலாயினும், தமிழ் வேட்பாளர் பலராகி விருப்பு வாக்கைப் பிய்த்துக்கொண்டால் முடிவு ஒன்றே.

வேறொரு நாட்டின் பாடம்

கட்சிப்பூசல் தமிழரின் சாபக்கேடு என்று நம்முள் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அமெரிக்கக் குடியரசு பிறந்த காலத்தில் அதன் மாநிலச் சட்டசபைகள் பட்டபாட்டை அறிந்தவர் அவ்வாறு கூறார்.

1787 செப்டெம்பரில், புதிய அரசியலமைப்பை ஏற்பதற்கான மாநாட்டைக் கூட்டும் பிரேரணை பென்சில்வேனியாச் சட்டசபைக்கு வந்தது. மேற்குப் பகுதி உழவர்களின் பிரதிநிதிகள், தம் மக்கள் அதனைப் படித்தறியக் காலம் வேண்டுமென்றனர். நகரத்தார் பொறுக்கவில்லை. எனவே, 19 உறுப்பினர் சபைக்கு வராதிருந்து கூட்டநிறைவைக் கெடுத்தனர். வேண்டியவர் 46 பேர், இருவர் குறைந்தனர். மறுநாள் ஒரு கூட்டம் அவர்களின் விடுதிக்குட் புகுந்து, மக்கால்மண்ட், மைலி என்னும் இருவரைத் தெருவழியே இழுத்துவந்து ஆசனத்தில் இருத்தியது. கூட்டம் நிறைந்தது, பிரேரணை நிறைவேறிற்று. டிசம்பர் 12ஆம் நாள், 46 வாக்குக்கு 23 என்ற கணக்கில் பென்சில்வேனியா அரசியலமைப்பை ஏற்றது.

தோற்றவர்கள் அத்துடன் வீட்டுக்குப் போய்விடவில்லை. தாம் ஏன் எதிர்த்தோம் என்பதையும், தனிமனித உரிமைகளுக்கு என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்பதையும் எழுத்தில் வெளியிட்டனர். அவ்வெழுத்து நாடெங்கும் படிக்கப்பட்டது. 1791இல் அமெரிக்க அரசியலமைப்பிற் சேர்ந்த உரிமைச் சாசனத்துக்கு வழிவகுத்த குரல்களுள் அதுவும் ஒன்று. சபைக்கு வராதிருந்ததால் அவர்கள் ஒருநாட் பொழுதைக்கூட முழுதாக வெல்லவில்லை. காரணத்தை எழுதிவைத்ததால் ஒரு நாட்டின் சட்டத்திலேயே தம் சுவட்டைப் பதித்தனர்.

அதே ஆண்டு, ஜேம்ஸ் மடிசன் கட்சிப்பூசலைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். பூசலின் வித்து மனித இயல்பிலேயே உள்ளது, அதனை அழிக்க முயன்றால் சுதந்திரத்தையே அழிக்க நேரும், ஆகவே அதன் விளைவுகளுக்கு அணைகட்டுவதே அறிவு என்பது அவர் கருத்தின் சாரம். இதனை நாமும் ஏற்கின்றோம். ஒற்றுமை, ஒற்றுமை என்று மேடைதோறும் முழங்குவோரிற் பலர், எல்லாரும் என் கீழ் ஒற்றுமைப்படுங்கள் என்றே கூறுகின்றனர். அந்த ஒற்றுமை நமக்கு வேண்டாம். வேறுபடும் உரிமை இல்லாத சங்கம் சங்கமன்று. பழைய பெரியாங்கங்காணியின் பற்றுச்சீட்டு.

மூன்றாவதொரு பாடமும் உண்டு. அது இன்றைய நிலைக்கு மிக அண்மையானது. 1812ஆம் ஆண்டு மசாச்சூசெட்ஸ் மாநிலத்தில், ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி ஒப்பமிட்ட சட்டத்தின்படி, ஆளுங்கட்சிக்கு வாய்ப்பாகத் தொகுதிகள் வெட்டப்பட்டன. ஒரு தொகுதி பல்லிபோன்ற பிராணியின் வடிவில் வளைந்து நெளிந்து கிடந்ததாகப் பத்திரிகைகள் எள்ளின. அவ்வாண்டு மேற்சபைத் தேர்தலில், 51,766 வாக்குப் பெற்ற கட்சிக்கு 11 ஆசனம். 50,164 வாக்குப் பெற்ற கட்சிக்கு 29 ஆசனம். வாக்குரிமையைப் பறிக்காமலே வாக்கின் பயனைப் பறிக்கலாம் என்பதை உலகம் அன்று கண்டது. கோடு கிழிப்பவன் கையிலே வாக்காளன் விதி இருக்கின்றது.

இனி வரப்போவது

சபரகமுவ மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அவ்வாண்டே மாகாண சபைத் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு, பாதி உறுப்பினரைத் தொகுதி வழியாகவும் மீதிப் பாதியினரைப் பட்டியல் வழியாகவும் தெரிவுசெய்யும் கலப்பு முறை புகுத்தப்பட்டது. அதற்கென வகுக்கப்பட்ட எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டிற் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அதற்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. அதன்பின் வந்த அரசுகள் தவணை கூறின. ஆளுநர்கள் மாகாணத்தை நடத்தினர். மக்கள் தெரிவுசெய்த சபையின் இடத்தில் வெற்று ஆசனங்கள் இருந்தன.

என்றோ ஒரு நாள் அத்தேர்தல் வந்தே தீரும். தொகுதி முறை அப்பொழுது எவ்வடிவில் நிலைத்தாலும், எல்லைக்கோடு எங்கே விழுகின்றது என்பது சபரகமுவத் தமிழருக்கு உயிர்நிலைக் கேள்வியாகும். ஒரு தோட்டத்தின் மேற்பிரிவு ஒரு தொகுதியிலும் கீழ்ப்பிரிவு மறு தொகுதியிலும் விழுமாயின், இரு தொகுதிகளிலும் அவர்கள் எண்ணிக்கையற்றோராவர். அடுத்தடுத்துள்ள தோட்டங்கள் ஒரே தொகுதியில் அமையுமாயின், குறைந்தது அவர்களைக் கேளாமல் எவரும் வெல்லமுடியாத நிலையேனும் உண்டாகும். இதனை எல்லை நிர்ணயக் குழுவின் முன் வரைபடத்தோடு எடுத்துரைக்க வேண்டியவர்கள் தமிழ்ப் பிரதிநிதிகள். இரு கட்சிகள் இரு வரைபடங்களைக் கொண்டு சென்றால், குழு மூன்றாவதொரு வரைபடத்தை வரையும்.

ஒன்றுபட்ட முயற்சியாற் சட்டம் அசையும் என்பதற்குச் சான்று இல்லாமலில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்களில் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிட முடியாதவாறு தடையாய்க் கிடந்தது. வாக்குக்கு மட்டும் தோட்டத்துக்கு வந்த சபை, பாதைக்கும் குடிநீருக்கும் வாயிலிலே நின்றது. முப்பது ஆண்டுகள் கழிந்து, 2018இலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது. அந்த முப்பது ஆண்டுகளிலும் பாராளுமன்றத்தில் மலையகப் பிரதிநிதிகள் இருந்தார்கள், அமைச்சர்களும் இருந்தார்கள். 1994இல், மலையக மக்கள் முன்னணியின் தலைவர் பெ. சந்திரசேகரனின் ஒரே ஆசனம், மயிரிழைப் பெரும்பான்மையோடு அமைந்த அரசாங்கத்துக்கு ஊன்றுகோலாயிற்று. ஓர் ஆசனத்துக்கு அத்துணை வலிமை உண்டாயின், எல்லா ஆசனங்களும் சேர்ந்து ஒரு பிரிவைத் திருத்த முப்பது ஆண்டு ஏன் சென்றது? இக்கேள்விக்கு ஒவ்வொரு கட்சியும் மற்றக் கட்சியைச் சுட்டுகின்றது. அந்தச் சுட்டுவிரலே விடை.

நாம் வேண்டுவது

ஆகவே, மலையகத்தின் சகல கட்சித் தலைவர்களிடமும் நாம் வேண்டுவன நான்கு. அவற்றுள் எதுவும் அவர்களின் கட்சியைக் கலைக்கச் சொல்வதன்று.

முதலாவது, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்கு மட்டுமாவது, வேட்புமனு நாளுக்கு நெடுமுன்னரே எழுத்தில் ஓர் உடன்படிக்கை வேண்டும். நுவரெலியாவில் அவர்கள் மோதிக்கொள்ளட்டும். அங்கே அதற்குத் தாங்கும் வலு உண்டு. சபரகமுவவில் ஒரு பட்டியல், அல்லது ஒரு பெருங்கட்சிப் பட்டியலில் எண்ணிக் குறைத்த வேட்பாளர் என்பதே விதியாகட்டும். 2012இல் செய்ய முடிந்ததை மீண்டுஞ் செய்ய முடியாதென்று எவரும் கூறமுடியாது.

இரண்டாவது, வேட்பாளரைச் சபரகமுவ மக்களே தெரிந்தெடுக்கட்டும். அற்றனிலும் கொழும்பிலும் தீர்மானித்து, நிவித்திகலைக்கும் தெஹியோவிற்றைக்கும் ஆளனுப்பும் வழக்கம் ஒழியட்டும். சங்க வேறுபாடு கருதாது, தோட்டக் கமிற்றித் தலைவர்களும் ஆசிரியர்களும் கூடி முன்மொழிபவரே வேட்பாளராகட்டும்.

மூன்றாவது, எக்கட்சியிலிருந்து தெரிவாகினும், அவர்கள் சேர்ந்து வாக்களிக்கவேண்டிய விடயங்களைத் தேர்தலுக்கு முன்னரே வரையறுக்கட்டும். லயக் காம்பராவுக்குப் பதிலாகக் காணியுறுதியோடு கூடிய வீடு, தோட்டப் பாடசாலைகளுக்குக் கணித விஞ்ஞான ஆசிரியர், பிரதேச செயலகங்களில் தமிழிற் கடிதமும் தமிழிற் பதிலும், நேர்மையான எல்லை நிர்ணயம் என்னும் நான்கு போதும். மற்றெல்லாவற்றிலும் அவர்கள் வேறுபடுக.

நான்காவது, வேறுபடும்போது காரணத்தை எழுத்திற் கூறுக. ஒளித்திருந்து வாக்களிப்பைத் தவிர்ப்பதும், மறுநாட் பத்திரிகைக்கு மறைமுகமாகக் கதை விடுவதும் மக்களுக்குப் பயன்படா. இன்ன காரணத்தால் இதனை எதிர்த்தேன் என்று எழுதிவைத்தவன் தோற்றாலும், அவன் மக்கள் அடுத்தமுறை அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

நமது வாசகர்களுக்கும் ஒரு சொல். சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே, எல்லை நிர்ணயக் குழுவுக்குச் சமர்ப்பிக்கும் மனுவை இறப்பர்ப் பால் சேகரிக்கும் தாயொருத்தி எழுதமுடியாது, நீங்கள் எழுதலாம். வாக்காளர் இடாப்பில் எந்தத் தோட்டத்தில் எத்தனை பெயர் விடுபட்டதென்று ஒரு விடுமுறையில் எண்ணிப் பார்க்கலாம். உழவர்களே, வன்னியிலும் குடாநாட்டிலும் வெங்காயமும் நெல்லும் விளைவிக்கும் நீங்கள், நீர்ப்பங்கீட்டில் ஒருவர்க்கொருவர் ஆயிரம் வழக்கிருந்தாலும், குளக்கட்டு உடையும் வேளையில் மண்வெட்டியோடு சேர்ந்து ஓடுகிறீர்கள். அந்த வழக்கத்தைத் தலைவர்களுக்கு நினைவூட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்களிடம் வாக்குக் கேட்டு வருவோரிடம், சபரகமுவவிற்கு என்ன உடன்படிக்கை செய்தீர்கள் என்று கேளுங்கள்.

நேவ்ஸ்மியர்த் தோட்டத்துக்காக அன்று அயல் தோட்டத்தார் கூலியை இழந்தனர். இன்று நாம் தலைவர்களிடம் கேட்பது அவர்களின் கூலியையன்று. சிறிது செருக்கை மட்டுமே. அதனையும் அவர்களால் இழக்க முடியாதாயின், பிளவின் விலையைத் தொடர்ந்து கொடுக்கப்போவோர் யார் என்பதை இரத்தினபுரி, கேகாலைத் தோட்ட மக்கள் நன்கறிவர். அவர்கள் அறிந்ததை, வாக்குச்சீட்டுக் கைக்கு வரும் நாளில், தலைவர்களும் அறிவார்கள்.